செசோகோ பாலத்தருகே விழுந்தது

ஜூன் 10, திங்கள்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. செசோகோ பாலம் நாகோ நகரத்தில் இருப்பதாக எழுதிவிட்டேன். அது மொத்தோபுவில் இருக்கிறது. நாகோவில் பஸ் மாறியதால் வந்த குழப்பம். மற்றவை சரி என்று நினைக்கிறேன். நேற்று நாள் முழுக்க மழை. குடை தொலைந்தது.

இதை எழுதி முடித்துவிட்டு தோமோகி மறுபடியும் படித்துப் பார்த்தான். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டதுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவுக்கு வரும் விருந்தினரை ஊர் ஊராக அழைத்துப்போகிற வழிகாட்டிகளுக்கு நாஹாவில் மாலை வகுப்பு நடக்கிறது. திங்களும் வியாழனும். நடத்துகிற யோனாமினே டீச்சர் பல காலம் சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடித்தவர். தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும், முந்தின நாள் எழுதியதில் தப்பு இருந்தால் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். "ஒரு பஸ் ஆளுங்க முன்னாடி தப்பாச் சொல்லிட்டு முழிக்கறதுக்கு, வீட்டுல உக்காந்து வெக்கப்படறது எவ்வளவோ தேவலை" என்பார்.

வகுப்பில் தோமோகிக்கு மிகவும் பிடித்தது இந்தச் சட்டம்தான். பகலில் அவன் தெற்கே தன் ஊரான இதோமானில் ஒரு நூடுல்ஸ் தொழிற்சாலையில் பொட்டலங்களுக்கு லேபிள் ஒட்டுகிறவன். தன் கையால் செய்த எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நகரவிட மாட்டான். சரிபார்த்த பிறகும் சந்தேகம் போகாது. கார் ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்றதும் இதனால்தான். பச்சை விளக்கு நிஜமாகவே பச்சைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான். அடுத்த தெருக் கடைக்கே காரில் போகிற தீவில் கார் இல்லாதவன் பாதி மனிதன். இருபத்து நான்கு வயதில் அவன் வடக்கே நாகோவரை போனதே இரண்டு தடவைதான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை, மாமா செத்ததற்கு ஒரு தடவை.

வகுப்பின் முடிவில் இருவர் இருவராகச் சேர்ந்து, வகுப்பு முழுவதையும் ஒரு நாள் பயணமாக அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். அதுதான் தேர்வு. தோமோகியின் ஜோடி ஹிசனோ. நாஹாவில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். முதல் நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், டீச்சர் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து திங்களும் வியாழனும் அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

பிறகு வகுப்பில் தகிசாவா வந்து சேர்ந்தார். ஜப்பானின் பெருந்தீவுக்காரர். நகானோ மலைப்பக்கம். சாத்தான் என்ற கடலோர ஊரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜை வேலை. வெளிர்நீலத்தில் ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். ஒகினாவாவுக்கு வந்து மூன்று வருடத்துக்குள் தீவின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை எல்லா ஊரிலும் கால் வைத்துவிட்டார். "உங்க இதோமான்ல, பழைய துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கே தோமோகி-சான், இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் கடல் மட்டும் தெரியுமே, என்ன அழகு" என்று ஒரு நாள் மனதாரச் சொன்னார். தோமோகி அந்தச் சந்தைப் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மறுநாள் போய்ப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு அவனுக்கு வயிற்றில் எரிந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக்கு வடக்குப் பகுதியை எடுத்திருந்ததால், ஹிசனோவுடன் பஸ்ஸில் போய் வழியெல்லாம் பார்த்து வரலாம் என்று நினைத்திருந்தான். ஞாயிறு வடக்கே பஸ்ஸில் போனால் நன்றாக இருக்கும் என்று மட்டும் அவளிடம் சொன்னான், வருகிறாயா என்று கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழம எனக்கு முடியாதுப்பா. அக்கா கொழந்தையப் பாத்துக்கணும்" என்றாள் அவள். சரி என்று தனியாகக் கிளம்பினான். நாகோவில் பஸ் மாறி, செசோகோ பாலத்தருகே இறங்கினான். மழைக்காலம் முடிகிற நேரத்து மழை, வெதுவெதுப்பாகக் கொட்டியது. பாலம் ஏறுகிற இடத்துக்கு முன்னால் ஒரு சென்சாய் கடை. இனிப்பில் வேகவைத்த அவரைமேல் மலைபோல் பனிக்கட்டியைச் சீவிப்போட்டுத் தருகிற கடை. கடை வாசலில் வெளிர்நீலக் கார். தாழ்வாரத்தில் ஹிசனோவும் தகிசாவாவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே கிண்ணம், இரண்டு கரண்டி. அவள் ஏதோ சொல்ல, அவர் வாயில் இருந்த பனியோடு சிரித்தார்.

தோமோகி ஒரு அடி பின்னால் வைத்தான். இந்தத் தீவின் சாலைகளில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது, மழை பட்டால் சோப்பு பூசியதுபோல் வழுக்கும். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம்தான். மல்லாக்க விழுந்தான். குடை உருண்டு கடைப்பக்கம் போயிற்று. எடுக்கப் போனால் அவர்கள் பார்த்துவிடுவார்கள். விட்டுவிட்டு, முழங்கை ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டு, திரும்பி ஓடி, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. தொழிற்சாலையில் தடித்த நூடுல்ஸ் பொட்டலத்துக்கு மெல்லிய நூடுல்ஸ் லேபிளை ஒட்டினான், அதுவும் பெட்டி பெட்டியாக. செவ்வாய்க்கிழமை வீட்டில் சூப் கிண்ணத்தைக் கைநழுவவிட்டபோது அவன் அம்மா கிமியே அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். துறைமுகத்தில் மீன் தெம்புரா பொரித்து விற்கிறவள். அவள் மெதுவாகப் பேசினாலே மூன்று கடை தாண்டிக் கேட்கும்.

"எங்கடா விழுந்த?"

"விழலம்மா."

"முழங்கையில தோல் உரிஞ்சிருக்கு, கண்ணு ரெண்டும் விக்காமக் கெடக்கற மீன் மாதிரி இருக்கு. மபுய் விழுந்துபோச்சு உனக்கு. எங்க பயந்த, சொல்லு."

அதிர்ச்சியில் உடம்பைவிட்டு நழுவி விழுகிற உயிருக்கு மபுய் என்று பெயர். விழுந்த இடத்திலேயே கிடக்கும். வீட்டுப் பெண் ஒருத்தி அந்த இடத்துக்கே போய், உடுத்திய சட்டையைக் காட்டிக் கூப்பிட்டால் வரும். வேறு இடத்தில் நின்று கூப்பிட்டால் வராது. தோமோகிக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் அவன் யோசிப்பான். இல்லை என்று எழுதினால் மறுநாள் முதல் வரியில் பிழையாக ஒப்புக்கொள்ள வேண்டிவருமோ என்றும் யோசிப்பான்.

மொத்தோபு என்று சொன்னால், மொத்தோபுவில் எது பயமுறுத்தியது என்று அடுத்த கேள்வி வரும். ஹிசனோவை வேறொருத்தனோடு பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இதோமான் துறைமுகம் முழுக்கச் சொன்னதுபோல்.

"துறைமுகத்துல" என்றான். "ஐஸ் வண்டி ஒண்ணு திடீர்னு பின்னால வந்துச்சு."

அன்று மாலையே அம்மா அவனுடைய பழைய சட்டையையும் ஒரு பிடி அரிசியையும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். ஐஸ் வண்டி நிற்கிற இடத்தில் குந்தி உட்கார்ந்து மூன்று கூழாங்கல்லைப் பொறுக்கிச் சட்டையில் வைத்தாள். தரையிலிருந்து எதையோ அள்ளி அள்ளிச் சட்டைக்குள் போட்டாள். "மபுயா, மபுயா, தோமோகியோட மபுயா, வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"கிமியேக்கா, அப்படியே என் பொண்டாட்டியோட மபுயையும் கூப்பிடு. கல்யாணத்தன்னிக்கு இங்கதான் விழுந்துது" என்றான் ஒருவன்.

"உன்னைப் பாத்து விழுந்ததை நான் கூப்பிட்டா வராதுடா. அது விவரமான மபுய்" என்றாள் அம்மா.

புதன்கிழமையும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சட்டையை உதறிப் பார்த்தாள். "காலியா இருக்கு. பொய் சொல்லியிருக்க" என்றாள். அவன் தடுமாறி, நாஹா பஸ் நிலையத்துக்கு எதிரில், சாலையைக் கடக்கிற இடத்தில், மோட்டார் சைக்கிள் என்றான்.

வியாழக்கிழமை அம்மா தன் குட்டி லாரியிலேயே அவனை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரில் நடைபாதையில் கூழாங்கல் எது? வீட்டு வாசலிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அலுவலகம் விட்டுப் போகிற கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றி நடந்தது. தலைக்குமேல் மோனோ ரயில் போயிற்று. தோமோகி பத்தடி தள்ளி, விளம்பரத் தட்டி ஒன்றைக் கவனமாகப் படிப்பதுபோல் நின்றான். அப்போதுதான் ஹிசனோவும் தகிசாவாவும் கார் நிறுத்துமிடத்திலிருந்து சேர்ந்து நடந்து வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள் என்பதை அவன் முதலில் கவனித்தான். அம்மா தரையில் குந்தியிருப்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

"அம்மா, என்ன ஆச்சு, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று ஹிசனோ ஓடி வந்தாள்.

"இவன் தொலைச்சிட்டாம்மா. எங்க தொலைச்சான்னு சொல்ல மாட்டேங்கறான். ரெண்டு ஊர்ல கூப்பிட்டாச்சு, என் முட்டிதான் தேயுது."

ஹிசனோ தோமோகியைப் பார்த்தாள். "நிஜமாவே உனக்கு ஒடம்பு சரியில்லையா? கன்னம் ஒட்டிப்போயிருக்கு."

அவள் தன்னைக் கவனித்தாள் என்ற சந்தோஷம் எழுந்து நிற்பதற்குள் தகிசாவா குனிந்து வணங்கி, "மன்னிக்கணும், இதைப் பத்திப் படிச்சிருக்கேன், நேர்ல பாத்ததில்லை. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. கார் இருக்கு. எந்த ஊரா இருந்தாலும் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"எந்த ஊருன்னு இவனுக்குத் தெரியணுமே" என்றாள் அம்மா.

"அப்போ வடக்க பாத்து ஒவ்வொரு ஊராப் போவோம். வழியில ஞாபகம் வந்துடும்."

அவர் நல்லவராக இருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட தோமோகி இரவு அதை வைத்துக்கொண்டு தூங்கியிருப்பான்.

அன்று வகுப்பில் யோனாமினே டீச்சர், திங்கட்கிழமை ஜோடிப் பெயர்களைக் கடைசியாக வாங்கிக்கொள்வதாகவும், மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் அதற்குள் தங்களுக்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். தகிசாவாவுக்கு இன்னும் ஜோடி இல்லை. ஹிசனோ பேனாவை மூடித் திறந்து மூடினாள். தோமோகி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி என்று சொன்ன தகிசாவா ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். அம்மா அப்போதுதான் குளிக்கப் போயிருந்தாள். "சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கறாரே, என்ன மனுஷன்யா. அவசரம்னு யாராவது சொன்னாங்களா" என்று உள்ளேயிருந்து கத்தியது வாசல்வரை தெளிவாகக் கேட்டது. தகிசாவா சிரித்துக்கொண்டு காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். ஹிசனோ ஏற்கெனவே காரில் இருந்தாள்.

முட்டி வலி என்று அம்மா முன் இருக்கையில் ஏறினாள். அதனால் தோமோகிக்குப் பின்னால், ஹிசனோவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒரு வாரத்தில் அவனுக்கு நடந்த முதல் நல்ல காரியம். ஏறிக் கதவைச் சாத்தினான். சாத்திக்கொள்ளவில்லை.

"அப்படி இல்ல, இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும்" என்று ஹிசனோ அவனைத் தாண்டிக் கை நீட்டிச் சாத்தினாள். அவள் முகம் அவன் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது. ஆனால் அவன் மனம் வேறெங்கோ போயிற்று. எத்தனை தடவை இந்தக் கதவைச் சாத்தியிருந்தால் இது இவளுக்குத் தெரிந்திருக்கும்?

நாஹாவைத் தாண்டினார்கள். ஊராசோயேவில் அம்மா திரும்பி, "இங்கயா?" என்றாள். "இல்லம்மா." கினோவானில் "இங்கயா?" இல்லை. சாத்தான் ஊரில் கடலோரம் முழுக்க அலைச்சறுக்குப் பலகைகள். "என் ஹோட்டல் அதோ" என்று தகிசாவா காட்டினார். ஹிசனோ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த இடத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோமோகி நினைத்துக்கொண்டான். கதேனாவில் ராணுவத் தளத்தின் வேலி சாலையோடு கூடவே ஓடியது. தலைக்குமேல் விமானம் போனதில் அம்மா கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவனே "இல்ல" என்றான்.

யோமிதானில் செந்நிற மண். கரும்பும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். "இங்க மண்ணுல ஒரு வாசனை இருக்கு, மழைக்கு முன்னாடி வரும், மழைக்கு அப்புறம் வராது. தெக்க அது இல்ல" என்றார் தகிசாவா. தோமோகி கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்தான். இருந்தது. கோபத்தோடு கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். தன் தீவின் வாசனையை இன்னொருவர் சொல்லி மோந்து பார்க்கவேண்டியிருந்தது. ஹிசனோ முன் இருக்கைகளுக்கு நடுவில் தலையை நீட்டி அவரிடம் கேள்வி கேட்டபடியே வந்தாள். ஒன்னா ஊர்க் கடற்கரை முழுவதும் அவன் பார்த்தது அவள் பின்னந்தலையைத்தான்.

"தோமோகி-சானுக்கு எந்த ஊரு ரொம்பப் பிடிக்கும்?" என்று தகிசாவா தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் அவனைப் பார்த்துக் கேட்டார்.

"இதோமான்."

"வேற எதையும் பாத்ததில்லை, அதான்" என்று அம்மா அவன் சார்பில் பதில் சொன்னாள். "பஸ்ஸுல ஏறினா தூங்கிடுவான்."

நாகோவில் பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்த சோற்றுப்பொதிகளை அம்மா பிரித்தாள். தோமோகி ஒரு கடியோடு நிறுத்தினான். அம்மா பாதி தின்ற பொதியை மடியில் வைத்துவிட்டு முழுக்கத் திரும்பினாள்.

"இதுக்கு மேல போனா காடு. காட்டுல போய்க் கூப்பிட்டா வேற எவன் மபுயாவது வந்து ஏறிக்கும். இப்பச் சொல்லு."

தோமோகி ஜன்னலைப் பார்த்தபடி, "மொத்தோபு" என்றான்.

"மொத்தோபுல எங்க?"

"பாலத்துக்கிட்ட. செசோகோ பாலம்."

"அட, போன ஞாயிறு நாங்ககூட அங்கதான்..." என்று ஆரம்பித்த தகிசாவா அப்படியே நிறுத்திவிட்டார். ஹிசனோவின் தலை மெதுவாகப் பின்னால் வந்து இருக்கையில் சாய்ந்தது. தகிசாவா காரை மொத்தோபு பக்கம் திருப்பினார்.

சென்சாய் கடை வாசலில் கார் நின்றது. பனி சீவிக்கொண்டிருந்த கடைக்காரி எட்டிப் பார்த்து, ஹிசனோவையும் தகிசாவாவையும் அடையாளம் கண்டுகொண்டாள். "மறுபடியும் வந்துட்டீங்களா. இன்னிக்காவது ஆளுக்கொரு கிண்ணம் வாங்குங்க" என்றவள், பின்னால் இறங்கிய தோமோகியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கறுப்புக் குடை ஒன்றோடு வந்தாள். "தம்பி, நீதானே அன்னிக்கு மழையில மல்லாக்க விழுந்தது? குடைய விட்டுட்டு ஓடினியே, பேய் தொரத்தின மாதிரி. எப்படியும் நீ வருவன்னு மாட்டி வச்சிருந்தேன்."

தோமோகி குடையை வாங்கிக்கொண்டான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்துகொண்டதைச் சொல்லாமல் இருந்தது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

"இங்கதானா?" என்றாள், அவளுக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில்.

"ஆமாம்மா."

"எதைப் பாத்துப் பயந்தன்னு சொல்லிட்டுத்தான் கூப்பிடணும். இல்லன்னா இதுவும் வீண். நான் வேணா காதைப் பொத்திக்கறேன்."

அம்மா காதைப் பொத்தினால் என்ன, கேட்கக்கூடாத இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். தோமோகி குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க உக்காந்திருந்தீங்க. ஒரே கிண்ணம். அக்கா கொழந்தையப் பாத்துக்கணும்னு சொல்லியிருந்த. நான் பின்னால காலை வச்சேன், வழுக்கிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, சரிபார்த்துக்கொண்டவன்போல், "வழுக்கினதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சுன்னு நெனைக்கறேன்" என்றான்.

தகிசாவா குனிந்து வணங்கினார். ஹிசனோவின் காதுமடல் சிவந்திருந்தது.

அம்மா சட்டையை விரித்துக்கொண்டு குந்தப் பார்த்தாள். முட்டி பாதியில் நின்றுவிட்டது. "என்னால ஆகாது. ஒரு வாரமா ஊர் ஊரா குந்திக் குந்தி எழுந்தாச்சு" என்று சட்டையை ஹிசனோவிடம் நீட்டினாள். "நீ கூப்பிடு."

"நான் உங்க வீட்டுப் பொண்ணு இல்லையேம்மா."

"யாராலே விழுந்துதோ அவங்க கூப்பிட்டாலும் வரும்." அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அம்மா அந்த நிமிடத்தில் உண்டாக்கியது.

ஹிசனோ சாலையோரத்தில் உட்கார்ந்து மூன்று கல் பொறுக்கினாள். தூறல் விழ ஆரம்பித்தது. தகிசாவா சட்டென்று தன் குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தார். தோமோகியின் கையிலும் குடை இருந்தது. அது விரிவதற்கு ஒரு கணம் தாமதமாகிவிட்டது. தன் உயிரைத் திருப்பிக் கூப்பிடுகிற இடத்தில்கூட இந்த மனிதர் ஒரு கணம் முன்னால் நிற்கிறாரே என்று வெந்தான்.

"மபுயா, மபுயா" என்று ஹிசனோ ஈரத்தரையை அள்ளிச் சட்டைக்குள் போட்டாள். முதலில் வெட்கத்தோடு, இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. மூன்றாவது தடவை சடங்கின் வார்த்தைகளை விட்டுவிட்டாள். "தோமோகி, வா. பொய் சொன்னது என் தப்புதான். வா, வீட்டுக்குப் போலாம்."

சட்டையைச் சுருட்டி அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். கல் மூன்றும் விலா எலும்பில் குத்தின. வலித்தது. ஒரு வாரத்தில் முதல்முறையாக அவனுக்குப் பசித்தது.

தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நான்கு கிண்ணம். தோமோகி தன்னுடையதை முடித்துவிட்டு, அம்மா மிச்சம் வைத்ததையும் இழுத்துக்கொண்டான். அம்மா கடைக்காரியைப் பார்த்துத் தலையாட்டினாள், வந்துவிட்டது என்று சொல்வதுபோல்.

"ஏன் பொய் சொன்ன?" என்று அவன் அவரையை மென்றபடி கேட்டான்.

ஹிசனோ கரண்டியால் பனியைக் குத்தினாள். "பஸ்ஸுல போறது போர் அடிக்கும்னு உன்கிட்ட நேரா சொல்ல முடியல. தகிசாவா-சான் கார்ல போலாம்னு கேட்டாரு. எனக்கும் வடக்குப் பக்கம் பாக்கணும்னு ஆசை. அவர் கேட்டாரு தோமோகி. நீ என்கிட்ட எதையுமே கேட்டதில்ல. ஜோடியா இருக்கறதக்கூட டீச்சர்தான் எழுதிக்கிட்டாங்க."

"தேர்வுக்கும் நான் கேட்டிருக்கேன்" என்றார் தகிசாவா. மறைக்காமல், தரையைப் பார்த்தபடி. "ஹிசனோ-சான் இன்னும் பதில் சொல்லல."

தோமோகிக்குப் பச்சை விளக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடிப்பதுபோல் இருந்தது. இன்னொரு முறை சரிபார்க்கலாமா என்று நினைத்தான். அம்மா அவன் முழங்கையில், தோல் உரிந்த இடமாகப் பார்த்து, ஒரு இடி இடித்தாள்.

"நானும் கேக்கறேன்" என்றான். "கார் இல்லாம வர்றவங்களுக்குப் பஸ்ஸுல ஒரு வழி போட்டுக் காட்டணும்னு நெனைக்கறேன். நாகோ, மொத்தோபு, அப்புறம் வடக்கு முனைவரைக்கும். போர் அடிக்கும். என்னோட வர்றியா?"

கடைக்குள் பனி சீவுகிற சத்தம் நின்றது.

"நான்தான் மொதல்ல கேட்டேன்" என்று தகிசாவா புன்னகைக்க முயன்றார்.

"இது மீன் ஏலம் இல்லப்பா, மொதல்ல கை தூக்கினவனுக்குக் குடுக்க" என்றாள் அம்மா.

ஹிசனோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தேர்வுக்கு உன்னோட வர்றேன். அது உனக்காக இல்ல, கார் இல்லாதவங்களைப் பத்தி நம்ம வகுப்புல வேற யாரும் யோசிக்கல, அதுக்காக." பிறகு தகிசாவாவைப் பார்த்து, "மத்த ஞாயித்துக்கெழமை எல்லாம் என்னோடது. யாரு கேட்டாலும் அன்னிக்குத் தோணினபடிதான்" என்றாள். தகிசாவாவின் முகத்தில் பாதி விளக்கு அணைந்து, பாதி எரிந்தது. அந்தப் பாதி எரிந்ததை தோமோகி பார்த்துவிட்டான்.

திரும்பும்போது அம்மா கால் நீட்ட வேண்டும் என்று பின் இருக்கைக்கு வந்து, உடனே குறட்டைவிட ஆரம்பித்தாள். ஹிசனோ முன்னால் போய் உட்கார்ந்தாள். தோமோகி மடியில் குடையையும் சுருட்டிய சட்டையையும் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த இரண்டு தலைகளையும் பார்த்தபடி வந்தான். அவர்கள் அதிகம் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டுமே என்று அவனுக்குத் தோன்றியது. கேட்டது கிடைத்துவிட்டது, வயிறு நிறைந்துவிட்டது, உயிரும் திரும்பிவிட்டது. அது தனியாக வரவில்லை. பொறாமையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

யோமிதான் வந்தபோது கண்ணாடியை இறக்கினான். மழை பெய்து முடிந்திருந்தது. வாசனை இல்லை. அவர் சொன்னது சரிதான்.

இதோமானில் இறங்கியதும் கார்க் கதவைத் தூக்கிச் சாத்தினான். ஒரே தடவையில் சாத்திக்கொண்டது.

ஜூன் 16, ஞாயிறு.

திங்களன்று, குடை தொலைந்ததாக எழுதியிருந்தேன். தொலையவில்லை, விட்டுவிட்டு ஓடிவந்தேன். யோமிதானில் மழைக்கு முன்னால் மண்ணில் ஒரு வாசனை வரும், பின்னால் வராது. இதைச் சொன்னவர் தகிசாவா.

நாளை: காலையில் நாகோ பஸ் நிலையத்துக்குப் போன் செய்து வடக்கு முனைக்குப் போகும் பஸ்ஸின் நேரம் கேட்க வேண்டும். மாலை டீச்சரிடம் ஜோடிப் பெயரை நானே எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும், அடுத்த ஞாயிறு என்ன தோன்றுகிறது என்று ஹிசனோவிடம் கேட்க வேண்டும், தகிசாவா கேட்பதற்கு முன்னால்.